புள்ளி வைத்துப் புகுந்தவர்கள்

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச செஞ்சிலுவைக் குழு தன் கம்ப்யூட்டர்களில் ஒரு புதிய காவல் சாஃப்ட்வேரைப் பொருத்திக்கொண்டிருந்தது. முன்பே திட்டமிட்ட வேலைதான். அவசரம் ஏதும் இல்லை. ஆனால் 2022 ஜனவரி 18 அன்று அந்தப் புதிய காவலாளி கொண்டுவந்த செய்தி தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது. சர்வர்களுக்குள் யாரோ இருக்கிறார்கள்.

தடயங்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனதில் வந்தவர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல என்பது தெரிந்தது. 2021 நவம்பர் 9 அன்றே உள்ளே நுழைந்திருந்தார்கள். ஏறத்தாழ எழுபது நாட்கள், உரிமையுள்ள ஊழியர்களைப் போலவும் நிர்வாகிகளைப் போலவும் வேடமிட்டு உலவியிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கருவிகளில் சில, செஞ்சிலுவைக் குழுவின் குறிப்பிட்ட சர்வர்களில் மட்டுமே வேலை செய்யும்படி எழுதப்பட்டிருந்தன. வழியில் திறந்திருந்த வீட்டில் கைவரிசை காட்டிப் போகும் திருடர்கள் அல்ல. இந்த வீட்டுக்கென்றே வந்தவர்கள்.

அந்த சர்வர்களில் பணம் இல்லை. இருந்தவை பெயர்கள். போரிலும் இயற்கைச் சீற்றத்திலும் நாடு விட்டு நாடு ஓடும் வழியிலும் உறவுகளைத் தொலைத்தவர்கள், பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள், சிறையில் அடைபட்டவர்கள், அவர்களைத் தேடும் குடும்பங்கள் என்று 5 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள். உலகெங்கும் குறைந்தது 60 நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் சேகரித்து அனுப்பியவை. ஒளிந்து வாழும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை அவரது தாய்க்குச் சொல்ல உதவும் அதே விவரம், அவரைத் தேடித் திரியும் எதிரிக்கும் உதவும். காணாமற்போன பிள்ளையின் பெயரை அந்தச் சங்கத்திடம் பதிந்துவிட்டுக் காத்திருப்பதன் பொருள் என்ன என்பதை இலங்கைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செஞ்சிலுவைக் குழுவின் தலைமை இயக்குநர் ராபர்ட் மார்டினி ஊடுருவியவர்களை நோக்கியே பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். அந்த விவரங்களைப் பகிர வேண்டாம், விற்க வேண்டாம், கசியவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முகம் தெரியாத திருடனிடம் இப்படிக் கெஞ்ச வேண்டிய நிலைக்கு ஒரு பெரிய அமைப்பைக் கொண்டுவந்து நிறுத்திய ஓட்டை எது?

பிப்ரவரி 16 அன்று அந்த அமைப்பே பதில் சொன்னது. சிவிஇ-2021-40539 என்ற பதிவு எண் கொண்ட, ஏற்கெனவே ஊரறிந்த ஓட்டை. அதை அடைக்கும் 'பேட்ச்' எனப்படும் ஒட்டு, ஊடுருவலுக்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான ஒட்டுகளைப் போட்டுவரும் தாங்கள் இந்த ஒன்றை உரிய நேரத்தில் போடவில்லை என்று செஞ்சிலுவைக் குழு ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது.

அந்தப் பதிவு எண்ணுக்குரிய சாஃப்ட்வேர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் பிரிவு தயாரித்தது. பெயர் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ். பாஸ்வேர்டை மறந்த ஊழியர் கம்ப்யூட்டர் பிரிவைத் தொந்தரவு செய்யாமல் தானே பிரவுசரில் மாற்றிக்கொள்ள உதவுவது. எனவே ஓர் அமைப்பின் எல்லா ஊழியர்களின் பெயர்ப் பதிவேட்டோடும் அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. அந்தக் கதவை ஏமாற்ற உதவியது ஒரு புள்ளி. எழுத்துப் பிழை அல்ல. உண்மையிலேயே ஒரு முற்றுப்புள்ளி அளவுள்ள புள்ளி.

புள்ளிக்கு இந்த வல்லமை எப்படி வந்தது என்பது ஐம்பது ஆண்டுக் கதை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ், 1970களின் தொடக்கத்தில் வளர்ந்து வந்தது. அதில் ஃபைல்கள் தலைகீழாக நட்ட மரம் போல் அடுக்கப்பட்டன. மேலே வேர்; அதன் கீழே கிளைகளாக டைரக்டரிகள்; அவற்றின் கீழே இன்னும் சிறு டைரக்டரிகள். இந்த மரத்தில் ஏறி இறங்க இரண்டு சுருக்கக் குறிகள் இருந்தன. ஒற்றைப் புள்ளி என்றால் 'இதே இடம்'. இரட்டைப் புள்ளி என்றால் 'ஒரு படி மேலே'. இரட்டைப் புள்ளியையும் சாய்கோட்டையும் நாலு தரம் எழுதினால் நாலு படி ஏறிவிடலாம். தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி விழுந்தால் அதிலுள்ள உயிர் போய்விடும். யூனிக்ஸில் புள்ளி இரண்டானால் எல்லை போய்விடும்.

கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது வசதி. தொல்லை வந்தது, எங்கோ இருக்கும் ஒருவர் ஃபைலின் பெயரை எழுதி அனுப்ப, சர்வர் அதை எடுத்துக்கொடுக்கும் வழக்கம் வந்தபோதுதான்.

ஒரு பழைய தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளலாம். முன்னால் கவுன்ட்டர், உள்ளே ரிகார்டு ரூம். வேண்டிய கட்டின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஊழியர் எடுத்துவந்து தருவார். ஏன், எதற்கு என்று கேட்காமல் சீட்டில் உள்ளபடி செய்து பழகியவர் அவர். 'பொதுமக்கள் அலமாரி, ஏழாம் கட்டு' என்றால் ஏழாம் கட்டு வரும். ஒருநாள் விவரமான ஆசாமி ஒருவர் இப்படி எழுதுகிறார்: 'பொதுமக்கள் அலமாரி, அங்கிருந்து அறைக்கு வெளியே வரவும், தாழ்வாரத்தைத் தாண்டவும், தாசில்தார் அறையில் இரும்புப் பெட்டி, மேலாக இருக்கும் உறை.' சீட்டின் தொடக்கம் பொதுமக்கள் அலமாரிதான். ஊழியர் போகிறார், வருகிறார். உறை கவுன்ட்டரில் இருக்கிறது.

பூட்டு உடைபடவில்லை. சுவரில் கன்னம் வைக்கவில்லை. கேட்டது கிடைத்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பாதுகாப்பு வல்லுநர்கள் இதற்கு 'பாத் டிராவர்சல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாதை தாண்டுதல் என்று சொல்லலாம்.

இதைத் தடுப்பது எளிது என்றுதான் முதலில் தோன்றும். சீட்டில் இரட்டைப் புள்ளி இருந்தால் திருப்பியனுப்பு என்று கவுன்ட்டரில் ஒரு காவலாளியை நிறுத்தினால் போயிற்று. நிறுத்தினார்கள். ஆனால் புள்ளிக்கும் சாய்கோட்டுக்கும் மாறுவேடங்கள் ஏராளம். வெப் முகவரிகளில் எந்த எழுத்தையும் சதவீதக் குறியோடு சேர்ந்த சங்கேத எண்ணாக எழுதலாம். அந்தச் சங்கேதத்தையே இன்னொரு முறை சங்கேதமாக்கலாம். 1983-இல் வந்த எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் உலகத்தில் சாய்கோடு எதிர்ப்பக்கமாகவும் சாய்கிறது. காவலாளி ஒரு வேடத்தைக் கற்றுக்கொள்ளும்போது எதிராளி அடுத்த வேடத்தில் வருகிறான்.

2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எச்சரிக்கை இப்படிப்பட்ட ஒரு வேடத்தைப் பற்றியது. அதன் ஐஐஎஸ் வெப் சர்வர், முகவரியில் இரட்டைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுமதிக்கும். ஆனால் சாய்கோட்டை யூனிகோடு முறையில் தேவைக்கு மேல் நீட்டி எழுதினால் சோதிக்கும் பகுதிக்கு அது சாய்கோடாகத் தெரியாது. ஃபைலை எடுக்கும் பகுதிக்குத் தெரியும். வெளியாள் ஒருவர் அந்த சர்வரில் கட்டளைகளையே இயக்க முடிந்தது. ஒட்டு தயாராக இருந்தும் பல இடங்களில் போடப்படவில்லை. பதினோரு மாதம் கழித்து, 2001 செப்டம்பர் 18 அன்று, நிம்டா என்ற புழு கிளம்பியது. 'அட்மின்' என்ற சொல்லைப் பின்னாலிருந்து எழுதினால் வரும் பெயர் அது. இ-மெயில், பகிரப்பட்ட ஃபோல்டர்கள், வெப் பக்கங்கள் என்று பல வழிகளில் பரவிய அந்தப் புழுவுக்கு இந்த ஓட்டையும் ஒரு வாசல்.

இந்த இடத்தில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. சோதிப்பவர் ஒருவர், திறப்பவர் வேறொருவர். இருவரும் ஒரே சீட்டைப் படிக்கிறார்கள். ஆனால் இருவர் படிப்பதும் ஒன்றாக இல்லை. ஓட்டை இரண்டு புள்ளிகளில் இல்லை, இந்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே இருக்கிறது.

2020 ஜூலை தொடக்கத்தில் வெளிவந்த எஃப்5 விவகாரம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அமெரிக்காவின் எஃப்5 நிறுவனம் விற்கும் பிக்-ஐபி என்ற சாதனம், பெரிய நிறுவனங்களின் வாசலில் நின்று இன்டர்நெட் போக்குவரத்தைப் பங்கிட்டு அனுப்புகிறது. அதை மேய்ப்பதற்கு ஒரு வெப் பக்கம் உண்டு. பின்னால் இரண்டு சாஃப்ட்வேர்கள். முன்வாசலில் அப்பாச்சி, உள்ளே டாம்கேட். இரட்டைப் புள்ளிக்குப் பிறகு ஓர் அரைப்புள்ளியைச் சேர்த்து எழுதினால், அப்பாச்சி அதை ஏதோ ஒரு ஃபோல்டரின் பெயர் என்று நினைத்து உள்ளே விடும். டாம்கேட்டின் பழக்கம் வேறு. அரைப்புள்ளியையும் அதன் பின்னால் வருவதையும் அது உதறிவிட்டுப் பார்க்கும். மிஞ்சுவது இரட்டைப் புள்ளி. அதாவது, 'ஒரு படி மேலே'. லாக்-இன் பக்கத்தின் முகவரியில் தொடங்கி, லாக்-இன் செய்யாமலே நிர்வாகியின் அறைக்குப் போய்விடலாம்.

பாசிடிவ் டெக்னாலஜிஸ் என்ற ரஷ்ய நிறுவனத்தின் ஆய்வாளர் மிகைல் கிளுச்னிகோவ் கண்டுபிடித்த இந்த ஓட்டைக்கு அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து மதிப்பெண் கிடைத்தது. இன்டர்நெட்டிலிருந்து எட்டக்கூடிய நிலையில் இத்தகைய சாதனங்கள் 8,000க்கு மேல் இருந்ததாக அந்த நிறுவனம் கணக்கிட்டது. அமெரிக்காவில் அது சுதந்திர தின விடுமுறை வாரம். ஒட்டுப் போடுவதை விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள் என அந்நாட்டு ராணுவத்தின் சைபர் கமாண்டே ஜூலை 3 அன்று அறிவித்தது. அந்த விடுமுறை முடிவதற்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன.

சாதாரண வெப் சர்வரில் இப்படி ஓர் ஓட்டை இருந்தால் அந்த சர்வர் போகும். நெட்வொர்க்கை மேய்க்கும் சாஃப்ட்வேரில் இருந்தால் நெட்வொர்க்கே போகும். காரணம் எளியது. நூற்றுக்கணக்கான ரௌட்டர்கள், ஸ்விட்ச்சுகள், சர்வர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டுமானால் எல்லாவற்றின் சாவியும் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். கோயில் சாவிக்கொத்து மடப்பள்ளியில் தொங்குவது மாதிரி. கர்ப்பக்கிருகத்துக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் மடப்பள்ளி ஜன்னல் திறந்திருந்தால் பயனில்லை.

அதோடு, இத்தகைய சாஃப்ட்வேரின் அன்றாட வேலையே ஃபைல்களைக் கையாளுவதுதான். ரௌட்டரின் அமைப்பு விவரங்களைப் பிரதி எடுத்து வைப்பது, புதிய ஃபர்ம்வேரை அனுப்புவது, பதிவேடுகளை டவுன்லோடு செய்து தருவது, அறிக்கை தயாரிப்பது, நெட்வொர்க் வரைபடத்துக்குப் படம் ஏற்றுவது. ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் ஃபைலின் பெயர் வெளியிலிருந்து வருகிறது. ஃபைலைப் படிக்க மட்டும் முடிந்தால் பாஸ்வேர்டுகள் களவு போகும். எழுதவும் முடிந்தால் வந்தவன் தன் சொந்த புரோகிராமையே உள்ளே வைத்துவிட்டுப் போவான். மூட்டையாகக் கட்டி அனுப்பும் ஸிப் ஃபைலுக்குள்ளும் இதே தந்திரம் ஒளிந்திருக்கலாம் என்பதை 2018-இல் ஸ்னிக் என்ற நிறுவனம் எடுத்துக்காட்டியது. மூட்டையைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் ஃபைலின் பெயரிலுள்ள இரட்டைப் புள்ளிகள், அதை வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும்.

நெட்வொர்க் மேய்ப்பு சாஃப்ட்வேரின் வரலாற்றில் சென்னைக்கு உரிய இடம் உண்டு. ஸோஹோ இன்று அலுவலக சாஃப்ட்வேருக்காகப் பேசப்படுகிறது. ஆனால் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அது தொடங்கப்பட்டபோது செய்த வேலை, நெட்வொர்க் நிர்வாகத்துக்கான கருவிகளை எழுதுவது. மேனேஜ்என்ஜின் பிரிவு 2002-இல் வந்தது. ஸோஹோ என்ற பெயர் 2009-இல். அதன் ஆப்மேனேஜர், வெப் பக்கத்திலிருந்து நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர். அதன் சில பதிப்புகளில், வெளியிலிருந்து வரும் ஒரு விவரத்துக்குள் இரட்டைப் புள்ளியை வைத்து, இயக்கத்தக்க ஃபைலையே சர்வரில் எழுதிவிட முடியும் என்பது 2014-இல் வெளியானது. பாதை தாண்டலின் நேரடி வடிவம்.

2021-இல் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ்ஸில் கண்டது அதன் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே காவல் பகுதி ஒரு குறிப்பிட்ட முகவரியில் தொடங்கும் கோரிக்கைகளை நிறுத்தி, யார் என்று கேட்க வேண்டும். அந்த முகவரிக்கு முன்னால் ஒற்றைப் புள்ளியும் சாய்கோடும் சேர்ந்து வந்தால் காவல் பகுதிக்கு அது வேறு முகவரியாகத் தெரிந்தது, கேட்காமல் விட்டுவிட்டது. உள்ளே இருந்த பகுதியோ, ஒற்றைப் புள்ளி என்றால் 'இதே இடம்'தானே என்று அதை நீக்கிவிட்டுக் கதவைத் திறந்தது. முகவரியைச் சீராக்கிவிட்டுச் சோதிக்க வேண்டியதை, சோதித்த பிறகு சீராக்கியதுதான் பிழை. இந்த முறை சுவர் ஏறிக் குதிக்கக்கூடத் தேவைப்படவில்லை. 'இதே இடம்' என்று சொன்னதே போதுமாக இருந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம் ஒட்டு வெளியிட்டது. அதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, தாக்குதல்கள் தொடங்கியிருந்தன. செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும், எஃப்பிஐயும், கடலோரக் காவல்படையின் சைபர் பிரிவும் சேர்ந்து எச்சரிக்கை விடுத்தன. செஞ்சிலுவைக் குழுவின் கதவு தட்டப்பட்டது நவம்பர் 9 அன்று.

தவறு சென்னைக்கு மட்டும் உரியதல்ல. மைக்ரோசாஃப்ட், எஃப்5, சிஸ்கோ, சிட்ரிக்ஸ், ஃபோர்ட்டிநெட் என்று பெரிய பெயர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. உலகில் வெகுவாகப் புழங்கும் அப்பாச்சி வெப் சர்வரில், 2021 செப்டம்பரில் வந்த ஒரு பதிப்பு முகவரியைச் சீராக்கும் முறையை மாற்றி, மறைந்திருந்த பழைய வியாதியை மறுபடி கொண்டுவந்தது. அக்டோபர் 4 அன்று போட்ட ஒட்டு அரைகுறை என்று தெரிந்து, மூன்றே நாளில் ஒட்டின் மேல் ஒட்டுப் போட வேண்டி வந்தது. 2025 பிப்ரவரியில் பாலோ ஆல்ட்டோ நிறுவனத்தின் ஃபயர்வால் நிர்வாகப் பக்கத்தில் வெளிப்பட்ட ஓட்டையும் இதே ஜாதி. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் முகவரியை ஒரு விதமாகப் படித்தது. பின்னால் நிற்கும் அப்பாச்சி வேறு விதமாகப் படித்தது. வீட்டைக் காக்கும் கருவியின் கதவே அது.

2007-இல் அமெரிக்காவின் மைட்டர் அமைப்பைச் சேர்ந்த ஸ்டீவ் கிறிஸ்டி, 'மன்னிக்க முடியாத ஓட்டைகள்' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையில் பாதை தாண்டலையும் சேர்த்தார். தடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்திருந்தும் செய்யப்படும் பிழைகளின் பட்டியல் அது. பதினேழு ஆண்டு கழித்து, 2024 மே 2 அன்று, சிசாவும் எஃப்பிஐயும் இதே பிழையைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. நிஜத் தாக்குதல்களில் பயன்பட்டதாக உறுதியான ஓட்டைகளின் பட்டியலில் அப்போது இந்த ரகத்தில் மட்டும் 55 இருந்தன.

மன்னிக்க முடியாத பிழை ஏன் மறுபடி மறுபடி நடக்கிறது? இன்றைய சாஃப்ட்வேர் ஒருவர் கட்டிய வீடு அல்ல என்பது ஒரு காரணம். வாசற்கதவு ஒரு கம்பெனி, கூடம் இன்னொருவர், கொல்லைப்புறம் இலவசமாகக் கிடைத்தது. ஒவ்வொரு பகுதியும் தனியாகப் பார்த்தால் சரிதான். டாம்கேட் அரைப்புள்ளியை உதறியது பிழையே அல்ல; அது அப்படித்தான் செய்யும் என்று எழுதி வைத்திருக்கிறது. சேர்த்துக் கட்டியவர் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தைக் கவனிக்கவில்லை. இன்னொரு காரணம், காவலை ஒரு விலக்குப் பட்டியலாக நினைப்பது. 'இன்ன வேடத்தில் வருபவரை விடாதே' என்று எத்தனை வேடத்தைத்தான் எழுதி வைப்பது?

வழி இல்லாமல் இல்லை. முதலாவது, வரிசையை மாற்றுவது. வந்த முகவரியிலுள்ள எல்லா வேடங்களையும் கலைத்து, புள்ளிகளைக் கூட்டிக் கழித்து, கடைசியில் அது போய்ச் சேரும் இடம் எது என்று கண்டுபிடித்த பிறகே அந்த இடம் அனுமதிக்கப்பட்ட அலமாரிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. சோதித்த அதே முகவரியைத்தான் திறக்கவும் வேண்டும். நடுவில் யாரும் அதைத் திருத்தக் கூடாது. இதைவிட நல்ல வழியும் உண்டு. ஃபைலின் பெயரை வெளியாரிடம் கேட்காமலே இருப்பது. செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கன் தருவதுபோல் ஓர் எண்ணைக் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்த ஃபைல் என்ற கணக்கை உள்ளேயே வைத்துக்கொள்வது. டோக்கனில் புள்ளி வைத்து எங்கும் போக முடியாது. மூன்றாவது, ரிகார்டு ரூம் ஊழியரிடம் தாசில்தார் அறைச் சாவியைக் கொடுக்காமல் இருப்பது. சர்வர் புரோகிராமுக்கு அதன் வேலைக்கு வேண்டிய ஃபைல்களைத் தவிர மற்றவற்றைத் தொடும் உரிமை இல்லையென்றால், சீட்டில் என்ன எழுதினாலும் ஊழியர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இவை எழுதுகிறவர்களின் கடமை. வாங்கி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியதில் முதலானது, நிர்வாகப் பக்கத்தைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைக்காமல் இருப்பது. நெட்வொர்க்கை மேய்க்கும் பக்கத்தை மேய்ப்பவர்கள் மட்டும் பார்த்தால் போதும். உலகத்துக்கு அதில் வேலை இல்லை. 2023 ஜூனில் அமெரிக்க அரசு தன் சிவில் துறைகளுக்கு இதை உத்தரவாகவே போட்டது. இன்டர்நெட்டிலிருந்து எட்டக்கூடிய நிர்வாகப் பக்கம் எதுவும் கண்டுபிடிக்கப்பட்டால் 14 நாளுக்குள் அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அதன் முன்னால் தனியான காவலை நிறுத்த வேண்டும். இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். நல்லதுதான். ஆனால் அது வீடு புகுந்த பிறகு போலீஸுக்குப் போன் செய்வது. முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது.

ஒட்டு வந்த அன்றே போடுவது அடுத்தது. சொல்வது சுலபம். வங்கியின் சர்வரையோ மருத்துவமனையின் சர்வரையோ நிறுத்தினால்தான் ஒட்டுப் போட முடியும் என்றால் நிர்வாகி யோசிக்கிறார். மேலதிகாரி வார இறுதிக்குத் தள்ளுகிறார். வந்து குவியும் ஒட்டுகளில் எது உயிர்நிலை, எது ஒப்பனை என்று பிரிப்பதே தனி வேலை. செஞ்சிலுவைக் குழு சோம்பேறி அமைப்பல்ல. பல்லாயிரம் ஒட்டுகளில் ஒன்று தவறியது, அந்த ஒன்றை எதிராளி தேடிக்கொண்டிருந்தான். எனவே எல்லா ஒட்டும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. சாவிக்கொத்து தொங்கும் இடத்துக்கான ஒட்டு வரிசையைத் தாண்டி முன்னால் வர வேண்டும்.

ஒட்டுப் போட்டதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. ஃபோர்ட்டிநெட் நிறுவனம் தன் சாதனங்களில் இருந்த ஒரு பாதை தாண்டல் ஓட்டைக்கு 2019 மே மாதமே ஒட்டுக் கொடுத்தது. ஆனால் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 சாதனங்களின் லாக்-இன் விவரங்கள் வெளியே கொட்டப்பட்டன. ஓட்டை திறந்திருந்த காலத்தில் அள்ளியவை அவை. பின்னால் ஒட்டுப் போட்டவர்களும் பாஸ்வேர்டை மாற்றியிருக்காவிட்டால், ஜன்னலை அடைத்துவிட்டுத் திருடன் கையில் சாவியை விட்டு வைத்தவர்கள் ஆனார்கள்.

செஞ்சிலுவைக் குழுவின் பிப்ரவரி அறிக்கை வெளியானபோது, களவுபோன விவரங்கள் எங்கும் விற்கப்பட்டதற்கோ வெளியிடப்பட்டதற்கோ சான்று இல்லை. வந்தவர்கள் யார் என்பதையும் அந்த அமைப்பு சொல்லவில்லை. ஆனால் சேதம் விற்பனைக்காகக் காத்திருக்கவில்லை. தாக்குதல் தெரிந்ததும் சர்வர்களை அணைக்க வேண்டி வந்தது. உலகெங்கும் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் பணி முடங்கியது. ஊழியர்கள் சாதாரண அட்டவணைகளை வைத்துக்கொண்டு முக்கியமான வேலைகளை மட்டும் தொடர்ந்தார்கள்.

அந்தப் பணி நடக்கும் நாட்களில், தொலைந்துபோனவர்களில் சராசரியாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு பேர் தங்கள் குடும்பத்தோடு சேருகிறார்கள். சர்வர்கள் அணைந்து கிடந்த ஒவ்வொரு நாளையும் அந்தப் பன்னிரண்டால்தான் கணக்கிட வேண்டும். முகவரியை முழுதாகப் படிக்காமல் கதவைத் திறந்த ஒரு புரோகிராமுக்கும், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விடப்பட்ட ஓர் ஒட்டுக்கும் விலை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.